கடிவாய்க்கு முதல் மருந்து

நாய் கடித்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன? இவ்வினாவுக்கு மனிதன் கூறிவந்த விடைகளுக்கு நெடிய சரித்திரம் ஒன்று உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்றார்கள்; கொதிக்கும் நெய் என்றார்கள்; பிற்காலத்தில் திராவகம் என்றார்கள். கடைசியாக வந்து நின்ற விடை, குளியலறை மாடத்தில் கிடக்கும் சோப்புக் கட்டி. சாமானியமான விடைதான். ஆயினும் அதனை ஐயமறத் தெளிவதற்கு மருத்துவ உலகம் 1940-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் இல்லங்களுள் பல இன்னும் அவ்விடத்திற்கு வந்து சேரவில்லை.

இதற்கு நாமே சாட்சி. டோம்பிவிலியில் நாம் குடியிருக்கும் கட்டடத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது, டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை வாயிற்புறத்துத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பற்கள் நன்கு பதிந்து குருதி வழிந்தது. அப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கி வந்த நாமும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பையனின் பாட்டியார், "மிளகாய்த் தூளை வைத்து அழுத்துங்கள், விஷம் முறிந்துவிடும்" என்றார். சுண்ணாம்பே சிறந்தது என்றார் மற்றொருவர். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட வேண்டும் என்றும் ஒரு கட்சி இருந்தது. நாமோ ஆட்டோ கிடைக்குமா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இவ்வாறு கால் மணி நேரம் கழிந்தது. அப்பொழுது, கட்டடம் முழுவதும் 'காகூ' என்றழைக்கும் மராத்திய மூதாட்டியார் படியிறங்கி வந்தார். எவருடனும் வாதாடவில்லை. பையனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று முற்றத்துக் குழாயடியில் உட்கார வைத்து, துணி துவைக்கும் சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்நிகழ்ச்சிக்கு மூன்று திங்களுக்கு முன்புதான், விலங்குக் கடிக்கான முதலுதவி பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று மொழிபெயர்ப்புக்காக நம் மேசைக்கு வந்திருந்தது. கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதியவர்கள் நாமே. 'சோப்பு' என்பதா, 'சவர்க்காரம்' என்பதா என்று அரை நாள் யோசித்ததும் நினைவிருக்கிறது. எழுதிய வாக்கியம் வேண்டிய வேளையில் கைக்கு வரவில்லை. அந்த உறுத்தலே இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படிக்கும்படி நம்மைத் தூண்டிற்று.

வெறிநாய்க்கடியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதையின் கற்பஸ்தானம் வெறிகொண்ட விலங்கின் தோற்றத்தை விவரிக்கிறது: வால் தொங்கும், தாடை தளரும், எச்சில் ஒழுகும். கடிபட்டவன் தண்ணீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் அவன் பிழைப்பதற்கில்லை என்றும் அது கூறுகிறது. அவ்வச்சத்திற்கு அந்நூல் இட்ட பெயர் 'ஜலத்ராசம்'. மேனாட்டு வைத்தியர்கள் கிரேக்க மொழியில் வைத்த பெயருக்கும் பொருள் நீரச்சமே. சிகிச்சையாகச் சுசுருதர் கூறுவது, கடிவாயிலிருந்து இரத்தத்தை வடியவிட்டுக் கொதிக்கும் நெய்யால் சுடுவது. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸும் சூடு வைப்பதையே சொன்னார்.

இது கொடுமையாகத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் மறைந்திருந்தது. வெறிநாயின் எச்சிலில் உள்ள நோய்க்கிருமி, பாம்பின் விஷத்தைப்போல் உடனே இரத்தத்தில் கலந்து ஓடுவதன்று. கடிவாயை அடுத்த தசையில் அது தங்குகிறது. பின்னர் ஒரு நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறி மூளையை அடைகிறது. அதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை செல்லும். தலையிலும் முகத்திலும் கடிபட்டால் வழி குறுகியது. காலில் பட்டால் நெடியது. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் இன்றளவும் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆகவே கிருமி வாசற்படியில் நிற்கும்போதே அதனை அழிக்க வேண்டும் என்னும் கருத்துச் சரியானதே. நெருப்பு அதைச் செய்தது. கூடவே மனிதனின் சதையையும் தீய்த்தது.

அவ்வாறாயின் மிளகாய்த் தூளும் மந்திரிப்பும் எவ்வாறு இத்தனை காலம் நிலைத்தன? காரணம் எளிது. கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை வெறிபிடித்தவை அல்ல. வெறிநாயே கடித்தாலும் கடிபட்ட அனைவருக்கும் நோய் வருவதில்லை. ஆகவே எதைப் பூசினாலும், ஒன்றுமே பூசாமல் விட்டாலும், பலர் பிழைத்துக்கொள்வர். புகழ் பூசியவருக்குப் போகும். இறந்தவனின் கதையோ, கடிபட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து நிகழ்வதால், கடியோடு இணைத்துப் பேசப்படாமலே மறைந்துவிடும். மிளகாய்த் தூள் புண்ணை எரித்துக் கிளறிவிடுகிறது. அதன் மேல் நீர் படலாகாது என்று வீட்டார் கழுவாமலும் இருந்துவிடுகின்றனர். தீங்கு இரட்டிப்பாகிறது.

மருந்து இல்லாத காலத்தில் அரசாங்கங்கள் நாயைக் கொல்வதையே வழியாகக் கொண்டன. பம்பாய் நகரில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தெருநாய்களைக் கொல்வதற்குத் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் வைத்தனர். 1832-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதன் பொருட்டுப் பெருங்கலகம் ஒன்று மூண்டது. நாயைத் தங்கள் சமயச் சடங்குகளில் போற்றும் பார்சிகள் வெகுண்டெழுந்தனர். பிற வகுப்பினரும் சேர்ந்துகொள்ளக் கடைகள் மூடப்பட்டன. கோட்டைப் பகுதியில் படை வரவழைக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1834-இல், ஜம்சேட்ஜி ஜீஜீபாயும் மோதிசந்த் அமிசந்தும் முன்னின்று புலேஷ்வரில் பாஞ்ஜ்ராபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். நாய்களைப் பற்றிய அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. அது நம் பேச்சுக்குப் புறம்பானது.

கடிபட்டவனுக்கு நம்பிக்கை பிறந்தது 1885-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள், அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன், உடலெங்கும் கடிக்காயங்களுடன் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரிடம் கொண்டுவரப்பட்டான். வெறிநோயுற்ற முயலின் முதுகுத் தண்டை உலர்த்திச் செய்த மருந்தைப் பாஸ்டர் 13 முறை ஊசி மூலம் செலுத்தச் செய்தார். பையன் பிழைத்தான். இக்கதை பள்ளிப் புத்தகங்களில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் காணாதது ஒன்று: பாரிஸுக்கு வருமுன், கடித்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, உள்ளூர் வைத்தியர் அச்சிறுவனின் புண்களைக் கார்பாலிக் அமிலத்தால் சுட்டிருந்தார். முதலுதவி என்பது அன்று அவ்வளவே.

அதன் பின் இந்தியாவில் வெறிநாய் கடித்தவர்களுள் வசதியுள்ள வெள்ளையரும் படைவீரர் சிலரும் பாரிஸுக்குக் கப்பலேறினர். மற்றவர்க்கு ஒன்றும் இல்லை. 1900-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் காசௌலி என்னும் ஊரில் முதல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தென்னாட்டாருக்கு அதுவும் எட்டாத தொலைவே. 1902-இல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில மங்கை வெறிநாய் கடித்து, காலத்தில் சிகிச்சை கிட்டாமல் உயிர் நீத்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கிளர்ச்சி அதனால் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் இந்திய நலனுக்காகக் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு உதவிற்று. 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. பெயர் தெரியாத எத்தனையோ குடியானவர்கள் அதற்கு முன் அவ்வாறே மாண்டிருப்பர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மரணமே கட்டடத்தை எழுப்பிற்று என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. எனினும் எழும்பியபின் அது எல்லார்க்கும் பயன்பட்டது. சமவெளி ஊர்களிலிருந்து கடிபட்டவர்கள் மலை ரயிலேறிக் குன்னூருக்கு வந்து, சிகிச்சை முடியும்வரை தங்கிச் சென்றார்கள்.

பம்பாயில் இப்பணி பரேலில் நடந்தது. டோம்பிவிலியிலிருந்து அலுவலகம் செல்லும் நம்மவர் நாள்தோறும் ரயிலில் கடக்கும் அதே பரேல்தான். முன்பு கவர்னர்களின் மாளிகையாக இருந்த கட்டடம், பிளேக் நோய் நகரத்தைச் சூறையாடிய நாட்களில், 1899-இல், டாக்டர் ஹாஃப்கினின் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1925-இல் அவர் பெயரையே ஏற்றது. பிளேக் தடுப்பு மருந்து தயாரித்த அக்கூடத்தில் காலப்போக்கில் வெறிநாய்க்கடிக்கு மருந்தும், பாம்புக்கடிக்கு மாற்று மருந்தும் தயாராயின.

1911-இல் காசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு புதிய முறையைக் கண்டார். வெறிநோயுற்ற ஆட்டின் மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் பதப்படுத்தி, கிருமியைக் கொன்று, மருந்தாக்கினார். இம்மருந்தைக் குப்பியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம். கடிபட்டவன் மலையேற வேண்டியதில்லை. மருந்தே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தது. இதன் பயன் சொல்லி முடியாது. ஆனால் இதற்கொரு குறையும் இருந்தது. விலங்கின் மூளைப் பொருள் உடலினுள் சென்றதால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புக் கோளாறுகள் உண்டாயின. ஊசிகளும் பல, அடிவயிற்றில், வலியோடு.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற சொற்றொடரைக் கேளாத தமிழர் இலர். அதனை அனுபவித்தவர்களுள் நாமும் ஒருவர். 1980-களின் இறுதியில், தென்னாற்காட்டுச் சிற்றூர் ஒன்றில், நம் ஒன்பதாம் வயதில் ஒரு நாய் கடித்தது. தந்தையார் பதினான்கு காலை வேளைகள் நம்மைப் பஸ்ஸில் அழைத்துச் சென்றார். பஸ் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரையில் அழுகை. திரும்பும்போது ஒரு பன் ரொட்டி. கடித்த அன்று சுண்ணாம்பு தடவினார்கள். எவரேனும் கடிவாயைக் கழுவியதாக நினைவில்லை. அந்த ஊசிகளுக்கு அஞ்சி, கடித்ததையே வீட்டில் சொல்லாமல் மறைத்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருவர் இருந்தனர்.

அந்த மருந்து இன்று இல்லை. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் கிருமியைப் பெருக்கிச் செய்த தூய மருந்து அதனிடத்தைப் பெற்றது. வயிற்றில் ஊசி கிடையாது; மேற்கையில்தான். இருபது ஆண்டுக்கு மேலாகியும் பழைய அச்சம் மட்டும் மறையாமல், பாட்டியரிடமிருந்து பேரக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இனி, சோப்பின் கதைக்கு வருவோம். கடிவாயைப் புகையும் நைட்ரிக் திராவகத்தால் சுடுவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பல நாடுகளில் முறையான வைத்தியமாகவே இருந்தது. 1943-இல் அமெரிக்காவில் ஷானஸி, ஸைக்கிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், விலங்குகளின் புண்களில் வெறிநோய்க் கிருமியைச் சேர்த்து, சிலவற்றைத் திராவகத்தாலும் சிலவற்றைச் சோப்புக் கரைசலாலும் சுத்தம் செய்து ஒப்பிட்டனர். சோப்பு திராவகத்திற்கு இளைத்ததன்று என்று கண்டனர். காரணமும் பின்னர் நன்கு விளங்கிற்று. இக்கிருமியைச் சுற்றிலும் கொழுப்பாலாகிய மெல்லிய உறை ஒன்று உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையை அவ்வுறையின் மேலும் அது செய்கிறது. உறை கரைந்தால் கிருமி மடிகிறது. ஓடும் நீர் எஞ்சிய எச்சிலையும் அடித்துச் செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் இம்முறையை ஏற்றனர். அந்நிறுவனத்தோடு சேர்ந்து வெறிநாய்க்கடி ஆராய்ச்சி பல நடத்திய இடங்களுள் டாக்டர் என். வீரராகவன் தலைமையிலிருந்த நம் குன்னூர் நிலையமும் ஒன்று.

கழுவிவிட்டால் போதுமா? போதாது. 1954-இல் ஈரான் நாட்டுக் கிராமமொன்றில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று சில மணி நேரத்தில் 29 பேரைக் கடித்தது. அவர்களுள் தலையில் காயமுற்று, தடுப்பு மருந்து மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். மருந்தோடு, நோயெதிர்க்கும் சீரமும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவரே. தடுப்பு மருந்து உடலைப் படைதிரட்டச் சொல்கிறது. படை திரள நாளாகும். சீரமோ வெளியிலிருந்து வரும் ஆயத்தப் படை. இன்று இரத்தம் வரும்படி கடித்த காயத்திற்கு இச்சீரத்தைக் கடிவாயிலேயே செலுத்துகிறார்கள்.

ஆகவே இன்றைய முறை இதுவாகும். கடித்த உடனே, நாழிகை கடத்தாமல், குழாயைத் திறந்து சோப்புப் போட்டு முழுமையாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்று புலப்படும். பிறகு அயோடின் மருந்து கையிலிருந்தால் இடலாம். மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், காப்பித் தூள் எதுவும் ஆகாது. இறுக்கிக் கட்டலாகாது. பெருங்காயமாயினும், சீரம் இடுமுன் தையல் போடாமல் இருப்பதே நன்று. பின்னர் அன்றே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலினுள் செலுத்தும் ஊசி. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு தடவை. தசையில் இடுவதாயின் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து. கருவுற்ற மகளிர்க்கும் கைக்குழந்தைக்கும் தடையில்லை. பூனை, குரங்கு கடித்தாலும் இதே முறைதான். நாய்க்குட்டியின் நகக்கீறலையும் அலட்சியம் செய்யலாகாது. வீட்டு நாயாயின் பத்து நாள் அதனைக் கண்காணிக்கலாம். ஆனால் அப்பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கலாகாது.

மராட்டிய மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இன்னொரு வார்த்தை. இங்குள்ள மருத்துவமனையில் பதற்றத்தில் மொழி தடுமாறினால், 'குத்ரா சாவ்லா' என்றால் போதும். நாய் கடித்தது என்பது பொருள். முதன்முறை கேட்டபோது அந்த 'சாவ்லா' நம் செவிக்குச் 'சாவு' என்றே ஒலித்துத் திடுக்கிட வைத்தது. அச்சொல்லுக்கும் மரணத்திற்கும் தொடர்பில்லை. மென்று கடித்தலைக் குறிப்பது அது.

கடி என்றால் எல்லாவற்றிற்கும் ஒரே முறை என்று எண்ணிவிடலாகாது என்பதால் பாம்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸல், அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையைப் பரிசோதித்தார். பாஷாணம் சேர்ந்த மாத்திரை அது. பாம்பு தீண்டிய நாய்களுக்கும் கோழிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில், அதன் புகழுக்கேற்ற சான்று அவருக்குக் கிட்டவில்லை. இங்கும் காரணம் முன் சொன்னதே: பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை, விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தை இறக்காமலே கடிக்கும். நூறாண்டு கழித்து, 1904-ஐ ஒட்டி, கடிவாயைச் சிறு கத்தியால் கீறிப் பெர்மாங்கனேட் உப்பைத் தேய்க்கும் முறை பரவிற்று. கத்தியும் உப்பும் அடங்கிய சிறு மரக்குப்பிகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. அதுவும் பயனற்றது என்று பின்னர் கைவிடப்பட்டது. இறுக்கிக் கட்டுவதும், வாய்வைத்து உறிஞ்சுவதும் சினிமாவில் மட்டும் இன்றும் நடக்கின்றன. பாம்பு தீண்டினால் கீறலாகாது, கட்டலாகாது, உறிஞ்சலாகாது. தீண்டிய உறுப்பை எலும்பு முறிந்ததைப்போல் அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல், விஷமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குதிரையின் உடலில் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் செங்கற்பட்டு மாவட்டப் பகுதியில் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். பாம்பின் தோல் வாணிகம் தடை செய்யப்பட்டபின், விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நம் கட்டடத்துச் சிறுவனுக்கு அன்றிரவே சீரமும் முதல் ஊசியும் போட்டாயிற்று. ஊசி கையில்தான் என்று கேட்டபின்பே பாட்டியாருக்கு மூச்சு வந்தது. நாய் வாயிற்படியிலேயே கிடப்பது ஆதலின் பத்து நாளும் அதனைக் கவனிப்பது எளிதாயிற்று. பதினோராம் நாளும் அது நலமாகவே வாலாட்டியது. ஆக, அது வெறிநாயன்று. அன்று மிளகாய்த் தூளை வைத்திருந்தால், அதன் புகழ் இன்னும் இரண்டு தலைமுறைக்கு எங்கள் கட்டடத்தில் நிலைத்திருக்கும். ஆயினும் மற்ற ஊசிகளையும் போட்டே முடித்தார்கள். 28-ஆம் நாள் ஊசிக்கு நாமும் துணையாகச் சென்றோம். பையன் அழவில்லை, திரும்பும்போது பன் ரொட்டி வாங்கித் தரட்டுமா என்று கேட்டோம், வடாபாவ் வேண்டும் என்றான்.